லேஸ் சுவர்த்தொங்கல்

பருத்தித் துணியை அடித்தளமாகக் கொண்டு, அதன்மேல் லேஸ், நூல், சிப்பி, மணி முதலியவற்றைப் பதித்து, வண்ணம் பூசி, மேடும் பள்ளமும் விரலுக்குத் தட்டுப்படும்படி செய்து சுவரில் மாட்டும் கைவேலை. கடைகளிலும் தையல் வகுப்புகளிலும் இதை வால் ஹேங்கிங் என்பார்கள். லேஸுக்கு ஈழத்தமிழர் வழக்கில் ரேந்தை என்ற பெயர் உண்டு. ஓவியம், தையல், பின்னல் ஆகிய மூன்றும் கலந்த வேலை இது. தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கரைக்கு இந்த வடிவம் புதியது. ஆனால் இதற்கு வேண்டிய துணி, சாயம், லேஸ் மூன்றும் இக்கரையிலும் இதை ஒட்டிய தேரிக்காட்டு ஊர்களிலும் நெடுங்காலம் புழங்கியவை. மூன்றில் லேஸின் வரலாறே விரிவாகக் கிடைக்கிறது.

துணியும் சாயமும்

1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். முத்துக்குளிப்பு அவர்களை இழுத்தது உண்மை. ஆனால் முத்து எல்லா ஆண்டும் கிடைப்பதில்லை. கடலடிப் பார்களில் சிப்பி முற்றாமல் பல ஆண்டுகள் குளிப்பே நடக்காமல் போவதுண்டு. பருத்தித் துணி அப்படியல்ல. உள்நாட்டு நெசவு ஊர்களிலிருந்து அது ஆண்டுதோறும் கரைக்கு வந்து, கிடங்குகளில் தரம் பிரிக்கப்பட்டு, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறியது. 1825இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு துணியின் இடத்தைப் பஞ்சுப்பொதி பிடித்துக்கொண்டது. கரிசல் காட்டுப் பஞ்சு டின்னவெல்லி என்ற வணிகப் பெயரில் இத்துறைமுகம் வழியாகவே வெளிநாடு சென்றது. 1876இல் ரயில் வந்தது. 1880களின் இறுதியில் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் இங்கு நூல் நூற்கத் தொடங்கியது.

துணியில் வண்ணம் தீட்டித் தொங்கவிடும் வழக்கம் தமிழகத்தில் கோயிலைச் சார்ந்து வளர்ந்தது. கூரையில் கட்டும் அசமானகிரி, தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் உருளை வடிவத் தொம்பை, வாசல் தோரணம், சன்னதித் திரைச்சீலை ஆகியவை கலம்காரி முறையில் தீட்டப்பட்டவை. தஞ்சைப் பகுதியில் கருப்பூரும் சிக்கல்நாயக்கன்பேட்டையும் இதற்குப் பேர்போனவை. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு, இரும்பும் வெல்லமும் புளித்த நீரோடு சேர்ந்ததும் கறுப்பாகிறது. பாலின் கொழுப்பு சாயம் கசிந்து பரவாமல் தடுக்கிறது. சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும் வேண்டும். சாயவேர் கரையோர மணலில் தானாக முளைக்கும் சிறு செடியின் வேர். மன்னார்க் கரையில் டச்சுக்காரர்கள் அதை ஆள் வைத்துத் தோண்டினார்கள்.

தீட்டுவதோடு, வெட்டிய வண்ணத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கும் ஒட்டுத்தையல் தேர்ச்சீலைகளும் உண்டு. யாளி, மயில், தாமரை ஆகியவற்றைச் சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணிகளில் வெட்டி வெள்ளை விளிம்பு கொடுத்துத் தைத்த சீலைகள் அவை. அடுக்கடுக்காகப் பொருள் சேர்த்துச் செய்யும் இன்றைய தொங்கலுக்குத் தமிழகத்தில் மூத்த உறவு கலம்காரியைவிட இந்தத் தேர்ச்சீலைதான்.

லேஸ் வந்த வழி

லேஸ் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் பிளாண்டர்சிலும் வளர்ந்த தொழில். மரக்குச்சிகளால் பின்னும் லேஸுக்கு மாதிரி காட்டும் லெ பொம்பே என்ற நூல் 1557இல் வெனிசில் அச்சானது. அதே நூற்றாண்டில்தான் இக்கரை மீனவரான பரதவர் கத்தோலிக்கம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தார். 1555இல் பனிமய மாதாவின் திருவுருவம் மணிலாவிலிருந்து தூத்துக்குடிக்கு வந்ததாக மரபு சொல்கிறது. மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையின் காலி, வெலிகமப் பகுதிகளில், போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற குச்சி லேஸ் பீரலு என்ற பெயரில் இன்றும் பின்னப்படுகிறது. இக்கரையில் லேஸ் பீடத்துணியிலும் குருக்களின் அங்கியிலும் நின்றுவிட்டது. பெண்கள் கையில் தொழிலாக அது தொடங்கியது பின்னால், நாகர்கோவிலில்.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பெண்களுக்கென்று விடுதிப் பள்ளி நடத்தினார். படிப்போடு தலையணை லேஸ் எனப்படும் குச்சி லேஸும் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது 1820களின் தொடக்கத்தில். விற்ற காசு பள்ளியை நடத்த உதவியது. அடிமைகளாயிருந்த சிறுமிகள் சிலரை விடுவிக்கவும் உதவியது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு அரசாணை வந்தது 1859இல். தாய் தோளை மூடினாலே அடி விழுந்த ஊரில் மகள் நுண்ணிய லேஸ் பின்னிச் சம்பாதித்தாள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இத்தொழில் அன்று என்னவாக இருந்தது என்பது புரியும். கூலி குறைவு. ஆனாலும் அது அவள் கைக்கு வந்த காசு.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவர். தமிழ் சரளமாகப் பேசியவர். 1844இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். உவரிக் கடற்கரைக்கு அருகே, செம்மணல் தேரியின் ஓரத்தில், பனையை நம்பி இருந்த ஊர் அது. ஆண்கள் பனையேறுவார்கள், பெண்கள் பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பார்கள். பனை ஓய்ந்த மாதங்களில் வீட்டுக்கு வருமானம் இல்லை. எலைசா பெண்கள் விடுதிப் பள்ளி தொடங்கி, தாயிடம் கற்ற லேஸை அங்கே கற்பித்தார். ஊர்ப் பெயரே வேலைக்குப் பெயராகி இடையன்குடி லேஸ் என்று வழங்கியது.

கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அவர் எழுப்பிய இடையன்குடித் திருத்துவ ஆலயம் 1847 முதல் 1880 வரை 33 ஆண்டுகள் கட்டப்பட்டது. 1877இல் பேராயரானார், 1883இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து கல்விப்பணி செய்தார், 1891இல் கொடைக்கானலில் இறந்து, தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கமானார். இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு 2011இல் அரசு நினைவில்லமாயிற்று. இவையெல்லாம் பாடநூலில் இருக்கின்றன. எலைசாவுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது. அவரிடம் பயின்ற பெண்களுக்கு அதுவும் இல்லை. இலக்கண நூலைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தவர்கள் அதே வீட்டுத் திண்ணைக்கு அப்பால் நடந்த தொழிற்பள்ளியையும் ஆராய்ந்திருக்க வேண்டும்.

1897இல் பெல்ஜியத்திலிருந்து மதர் மரி லூயிஸ் டி மீஸ்டர் குமரிப் பகுதியிலுள்ள முளகுமூட்டுக்கு வந்தார். அவர் தொடங்கிய சபையினர் ஆதரவற்ற சிறுமிகளுக்கு லேஸும் எம்பிராய்டரியும் கற்பித்தார்கள். சீர்திருத்த சபை வழியில் வந்த ஆங்கில நாட்டு லேஸும், கத்தோலிக்கக் கன்னியர் வழியில் வந்த பெல்ஜிய லேஸும் சில மைல் இடைவெளியில் அடுத்தடுத்து வளர்ந்த இடம் இந்தத் தென்கோடி. இவ்வரலாற்றைத் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. ஆகவே பழைய ஆவணங்களில் திருநெல்வேலி என்று வருவதில் கரையூர்களும் அடக்கம்.

ஆந்திரத்தின் நரசாப்பூர் லேஸ் இதற்கு உறவு. ஆனால் அது கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா. 1982இல் மரியா மீஸ் எழுதிய நரசாப்பூர் லேஸ்காரிகளைப் பற்றிய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. ஏற்றுமதிச் சரக்கைச் செய்துகொண்டே வீட்டில் சும்மா இருப்பவளாக எண்ணப்பட்ட பெண்ணை அது காட்டியது. 2024இல் நரசாப்பூர் லேஸ் புவிசார் குறியீடு பெற்றது. அப்படியொரு நூல் இடையன்குடிக்கும் வேண்டும்.

லேஸின் வகைகள்

செய்முறையை வைத்து லேஸை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது ஊசி லேஸ். ஒரே நூலும் ஊசியும் கொண்டு, வரைந்த கோட்டின்மேல் நூலிட்டு, காஜாத் தையலால் இடைவெளியை நிரப்புவது. வெனிஸ் இதற்குப் பேர்போனது. இரண்டாவது தலையணை லேஸ் அல்லது குச்சி லேஸ். பல நூல்களைக் குச்சிகளில் சுற்றி, திண்டின்மேல் பின்னுவது. இதற்குள் டார்ஷன், குளூனி, ஹானிட்டன், பெட்ஃபோர்டுஷயர், மால்டா, வாலன்சியன் என்று ஊருக்கொரு பாணி உண்டு. டார்ஷன் சாய்சதுரக் கட்டத்தில் அமைவது. கற்கத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. குளூனியில் இலை வடிவ முடிச்சுகள் வரும். ஹானிட்டனில் பூவையும் இலையையும் தனித்தனியாகப் பின்னிப் பிறகு இணைப்பார்கள். இடையன்குடி லேஸும் நாகர்கோவில் லேஸும் இந்த இரண்டாம் வகை. மூன்றாவது குரோஷா, நான்காவது சிறு ஓடத்தால் முடிச்சுப் போடும் டாட்டிங். இவை இரண்டும் வீட்டுப் பெண்களிடம் பரவலாக இருந்தவை. திண்டும் குச்சியும் இல்லாமல் மடியில் வைத்தே செய்யலாம்.

எந்திர லேஸ் தனி. ஜான் ஹீத்கோட் 1808இல் வலை பின்னும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1813இல் லீவர்ஸ் எந்திரம் வந்தது. அதன்பின் ஐரோப்பாவில் கைலேஸின் விலை சரிந்தது. இன்று கடையில் மீட்டர் கணக்கில் விற்பது பெரும்பாலும் பாலியஸ்டர், நைலான் எந்திர லேஸ். கைலேஸை அடையாளம் காண்பது கடினமன்று. விளிம்பில் நூல்கள் தொடர்ந்து ஓடித் திரும்பும். எந்திர லேஸில் வெட்டிய நூல் நுனிகள் பிசிராகத் தெரியும். கைலேஸில் ஒரு பூவைப் போல அடுத்த பூ அச்சாக இருக்காது.

தலையணையில் பின்னுதல்

திண்டு என்பது வைக்கோலோ மரத்தூளோ இறுக அடைத்த உருளை. அதன்மேல் கெட்டி அட்டையைப் பொருத்துவார்கள். அட்டையில் வடிவம் புள்ளிகளாகக் குத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு நூலும் ஒரு மரக்குச்சியில் சுற்றியிருக்கும். அதன் பாரமே நூலை இழுத்துப் பிடிக்கும். குச்சிகள் எப்போதும் இணை இணையாக இயங்கும்.

இரண்டு இணைகளை, அதாவது நான்கு குச்சிகளை, எடுத்துக்கொள்வோம். நடுவிலுள்ள இரண்டில் இடப்பக்கத்ததை வலப்பக்கத்ததன்மேல் போடுவது குறுக்கு. ஒவ்வோர் இணையிலும் வலக்குச்சியை இடக்குச்சிமேல் போடுவது முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போனால் நெய்த துணி போன்ற அடர்த்தி கிடைக்கும். குறுக்கு, முறுக்கு என்பதோடு நிறுத்தினால் வலை போலத் திறந்து நிற்கும். அடர்ந்த பூவும் அதைத் தாங்கும் வலையும் இந்த இரண்டே அசைவுகளில் பிறப்பவை. புள்ளிக்குப் புள்ளி குண்டூசி குத்திப் பின்னலை நிறுத்திவைத்து, முன்னேற முன்னேறப் பின்னாலிருந்து ஊசிகளைப் பிடுங்கி முன்னால் குத்துவார்கள். உப்புக்காற்று அடிக்கும் கரையில் இரும்பூசி ஓரிரவிலேயே துருக்கறை வைத்துவிடும். பித்தளை ஊசி வேண்டும். வியர்வைக் கையும் ஆகாது. குறுகிய கரை லேஸுக்குச் சில இணைகள் போதும். அகன்ற மேசை விரிப்புக்கு நூற்றுக்கு மேற்பட்ட குச்சிகள் திண்டில் தொங்கும். அத்தனையிலும் எந்தக் குச்சிக்கு அடுத்த முறை என்பதைக் கண் பார்ப்பதற்குள் விரல் எடுத்துவிடும். அந்தத் தேர்ச்சி வரப் பல ஆண்டுகள் ஆகும்.

தொங்கல் செய்யும் முறை

ஓவியத்துக்குள் வேறு பொருள் ஒட்டுவது நவீன ஓவியத்தில் 1912இல் பிக்காசோவும் பிராக்கும் தொடங்கியது. லேஸ், கைக்குட்டை, ஏப்ரன் ஆகியவற்றை அக்ரிலிக் வண்ணத்தோடு பெரிய கேன்வாஸில் சேர்த்து, பெண்களின் வீட்டு வேலையை ஓவியமாக நிலைநாட்டியவர் அமெரிக்க ஓவியர் மிரியம் ஷாபிரோ. 1970களில் அவர் அதற்கு ஃபெம்மேஜ் என்று பெயரிட்டார். சென்னையை அடுத்த சோழமண்டல ஓவியர் கிராமம் 1966இல் உருவானபோது, கே.சி.எஸ். பணிக்கரும் உடனிருந்த ஓவியர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்றுத்தான் பிழைப்பை நடத்தினார்கள். துணியில் செய்த வேலை ஓவியத்துக்குத் தாழ்ந்ததல்ல என்பதற்கு அந்தக் கிராமமே சான்று.

இனிச் செய்முறை. அடித்துணிக்குக் காடா போதும். நெசவில் ஏற்றிய கஞ்சி போகச் சுடுநீரில் அலசிக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்ணம் பிடிக்காது, பின்னால் துணியும் சுருங்கும். பலகையில் இழுத்துக் கட்டி இரண்டு கை ஜெஸ்ஸோ பூசலாம். சுண்ணப்பொடியும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு அது. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. மேடு வேண்டிய இடத்தில் டெக்ஸ்சர் பேஸ்டைக் கரண்டியால் தடவி, ஈரமாக இருக்கும்போதே சீப்பாலோ பனையோலை நுனியாலோ கீறலாம்.

லேஸைச் சேர்க்க மூன்று வழிகள் உண்டு. ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசையைச் சம அளவு நீரில் கரைத்து, லேஸை அதில் நனைத்துப் பிழிந்து, துணிமேல் விரித்து விரலால் அழுத்துவது ஒன்று. காய்ந்ததும் லேஸ் விறைத்துத் துணியோடு ஒட்டி நிற்கும். லேஸைத் துணிமேல் பரப்பி, ஸ்பாஞ்சால் வண்ணம் ஒற்றி, லேஸை எடுத்துவிடுவது இன்னொன்று. ஓட்டைகள் மட்டும் வண்ணமாகப் பதியும். லேஸிலேயே வண்ணம் தடவி அச்சுப்போல் அழுத்தினால் நூலின் வடிவம் பதியும். பருத்தி லேஸ் வண்ணத்தை உறிஞ்சும். பாலியஸ்டரில் வண்ணம் மேலோட்டமாகத் திரண்டு நிற்பதால் முதலில் ஜெஸ்ஸோ பூச வேண்டும்.

ஆழத்தைக் கொண்டுவருவது வண்ணம் பூசும் வரிசைதான். முதலில் நீர்த்த கரும் வண்ணம், கருநீலமோ காவியோ, எல்லா இடத்திலும் பூசி, அது லேஸின் துளைகளில் தேங்கியதும் மேடுகளை மட்டும் துணியால் துடைக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு, ஏறக்குறைய ஈரமே இல்லாத தூரிகையில் வெளிர்நிறத்தைத் தொட்டு, மேட்டின்மேல் மட்டும் உரசவேண்டும். லேஸின் ஒவ்வொரு நூலும் அப்போது தனித்தனியாக எழுந்து தெரியும். இந்தப் படியில் அவசரப்பட்டால் இரண்டு வண்ணமும் குழம்பிச் சாம்பலாகிவிடும். அதன்பின் நூல் முடிச்சு, மணி, வலைத்துண்டு ஆகியவற்றைத் தைக்கலாம். மணப்பாட்டுப் பெண்கள் பின்னும் பனையோலை வேலையின் சிறு துண்டுகளும் இதற்கு நன்றாகப் பொருந்தும். மேல் விளிம்பை மடித்துத் தைத்து, மடிப்புக்குள் பிரம்பைச் செருகினால் தொங்கல் முடிந்தது.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை நன்னீரில் சில நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்தாக வேண்டும். உப்பு தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்துத் துணியை நமுக்கவைக்கும். வண்ணத்தின்மேல் வெள்ளையாகப் பூக்கும். பவளத் துண்டையும் கடல்விசிறியையும் கடற்குதிரையையும் தொடவே கூடாது. 2001 முதல் இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்காவாக இருப்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இன்று

இடையன்குடியில் தலையணை முன் உட்காரும் பெண்கள் இன்று மிகச் சிலரே. சுவர்த்தொங்கல்களில் சேர்வது பெரும்பாலும் எந்திர லேஸ்.

ஆனால் பழைய கைலேஸ் முழுவதும் அழிந்துவிடவில்லை. ஞானஸ்நானச் சட்டையின் கழுத்திலும், பாட்டியின் தலையணை உறையின் ஓரத்திலும், மணப்பெண்ணின் முக்காட்டிலும், டிரங்குப் பெட்டிகளின் அடியில் அது இன்னும் இருக்கக்கூடும். தொங்கல் செய்ய நினைப்பவர்கள் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். பசையும் ஜெஸ்ஸோவும் அக்ரிலிக்கும் ஒருமுறை நூலுக்குள் இறங்கினால் பிறகு எடுக்க முடியாது. வண்ணத்துக்கு எந்திர லேஸை வைத்துக்கொள்ளுங்கள். கைலேஸை மென்மையான சோப்பு நீரில் அலசி, பிழியாமல் விரித்துக் காயவைத்து, துவைத்த பருத்தித் துணியின்மேல் மெல்லிய பருத்தி நூலால் அங்கங்கே ஒரு தையல் போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பின்பக்கத்தில் ஒரு சிறு துணித்துண்டு தைத்து, அதைப் பின்னியவர் பெயர், ஊர், தெரிந்தால் ஆண்டு ஆகியவற்றை எழுதிவையுங்கள்.